எண்ணுவதா, வளர்ப்பதா, தொற்றவிட்டுப் பார்ப்பதா? கிருமிகளின் தொற்றுத்திறனை அளக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியே கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி பரவி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அந்தத் தண்ணீர் குளோரின் கலந்து வழங்கப்பட்டதுதான். ஆனால் இந்த ஒட்டுண்ணி தடித்த உறைக்குள் ஒடுங்கியிருக்கும் முட்டை போன்ற நிலையான ஊசிஸ்ட்டுகளுக்குக் குடிநீரில் கலக்கும் அளவிலான குளோரின் ஒரு பொருட்டே அல்ல. வேறு எதைக் கொண்டு இதை ஒழிப்பது, புற ஊதா ஒளி உதவுமா என்ற கேள்விக்கு, அப்போது கையில் இருந்த ஆய்வக முறைகள் பல ஆண்டுகளாக 'உதவாது' என்றே விடை தந்துகொண்டிருந்தன. 1990களின் இறுதியில் அதே ஊசிஸ்ட்டுகளை அதே ஒளியில் காட்டி, முறையை மட்டும் மாற்றிச் சோதித்தபோது, மிகக் குறைந்த ஒளியே போதும் என்ற நேர்மாறான விடை வந்தது.

தொற்றுத்திறன் என்பது வெப்பநிலையைப் போல ஒரே கருவியால் அளக்கத்தக்க ஒற்றைப் பண்பு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிருமி மாதிரியில் இருக்கிறதா, உயிரோடிருக்கிறதா, ஓர் உயிரணுவுக்குள் நுழைந்து பெருகுகிறதா, ஓர் உடலில் தொற்றை நிறுவுகிறதா, அந்த உடலிலிருந்து அடுத்த உடலுக்குத் தாவுகிறதா என்பவை ஐந்து வெவ்வேறு கேள்விகள். ஆய்வகங்களில் வழங்கும் ஒவ்வொரு முறையும் இவற்றுள் ஒன்றுக்கே நேரடியாக விடை சொல்கிறது. மற்றவற்றை நாம் ஊகித்துக்கொள்கிறோம். எந்த ஊகம் தாங்கும், எது சறுக்கும் என்று எடைபோடுவதே முறையைத் தேர்வு செய்யும் பணியின் சாரம். நோயாளியின் தனிமையை எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கும் மருத்துவமனைக்கும், நீரைச் சுத்திகரிக்கும் வழியைத் தேடும் குடிநீர் வாரியத்துக்கும், தடுப்பூசியைச் சோதிக்கும் ஆய்வுக் குழுவுக்கும் ஒரே முறை பொருந்தாது.

மலிவும் விரைவும் மிக்கது மரபுப்பொருளை எண்ணும் வழி. மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உயிருள்ள கிருமியைக் கையாள வேண்டிய இடர் இல்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்க்கலாம். வளர்க்கவே முடியாத கிருமிகளையும் கண்டறியலாம். அதன் குறையும் அந்தக் கடைசி வசதியிலேயே இருக்கிறது: செத்த கிருமியின் மரபுப்பொருளும் அதற்கு மரபுப்பொருளே. 2020இல் மியூனிக் நகரில் ஒன்பது கோவிட் நோயாளிகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிவியலாளர்கள், நோய் தொடங்கி எட்டு நாட்களுக்குப் பின் எடுத்த மாதிரிகளில் வைரஸின் ஆர்என்ஏ ஏராளமாக இருந்தும், அவற்றிலிருந்து உயிருள்ள வைரஸை ஒருமுறைகூட வளர்த்தெடுக்க முடியவில்லை என்று அறிவித்தனர். இருமுறை பிசிஆர் 'இல்லை' என்று வந்தாலொழிய நோயாளியை விடுவிக்கலாகாது என்ற விதியால் மக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த காலம் அது. இத்தகைய சான்றுகள் சேர்ந்த பின், அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றி, அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து பத்து நாட்களும், அறிகுறியற்ற மேலும் மூன்று நாட்களும் கழிந்தால் போதும் என்றது.

செத்தவற்றை விட்டுவிட்டாலும், முழு வடிவுள்ள வைரஸ் துகள்கள் எல்லாமே தொற்றுபவை அல்ல. மின்னணு நுண்ணோக்கியில் எண்ணப்படும் துகள்களின் எண்ணிக்கையை, உயிரணுக்களில் தொற்று உண்டாக்கியவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால், போலியோ வைரஸுக்கு முப்பதிலிருந்து ஆயிரம் வரை கிடைக்கிறது. செம்லிகி ஃபாரஸ்ட் வைரஸுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆகவே ஒரு வைரஸுக்குக் கண்ட விகிதத்தை இன்னொன்றுக்குப் பொருத்தி, 'மரபுப்பொருளின் இத்தனை படிகள் இருப்பதால் இத்தனை தொற்றும் துகள்கள் இருக்கும்' என்று கணக்கிடுவது ஆதாரமற்றது. இந்தக் கணக்கை அறிக்கைகளில் காணும்போதெல்லாம் எனக்கு ஐயம் எழுவதுண்டு.

வைரஸைப் பொறுத்தவரை தொற்றுத்திறனை நேரடியாக அளக்கும் பழைய வழியே இன்றும் அளவுகோலாக இருக்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் கிருமிப் படலத்தில் உண்டாக்கும் தெளிந்த வட்டங்களை எண்ணும் முறையைப் பெலிக்ஸ் தெரெல் 1917இல் வகுத்தார்; 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ அதை விலங்கு வைரஸ்களுக்குப் பொருத்தினார். தட்டில் ஒற்றை அடுக்காக வளர்ந்த உயிரணுக்களின் மேல் மாதிரியைப் பதின்மடங்கு பதின்மடங்காக நீர்த்து ஊற்றி, பின்னர் கூழ் போன்ற அகாரால் மூடிவிடுவார்கள். புதிதாகப் பிறக்கும் வைரஸ் நீந்தித் தொலைவுக்குச் செல்ல முடியாமல் அண்டை உயிரணுக்களை மட்டும் தாக்கும். சில நாட்களில் அங்கங்கே உயிரணு செத்த வெற்று வட்டங்கள் தோன்றும். சாயமிட்டு அவற்றை எண்ணினால், நீர்ப்பின் அளவைக் கொண்டு மூல மாதிரியில் தொற்றும் அலகுகள் எத்தனை என்று கூறிவிடலாம். வட்டங்களின் எண்ணிக்கை வைரஸின் செறிவோடு நேர்விகிதத்தில் ஏறுவதை டல்பெக்கோ காட்டியதால், ஒரு வட்டத்தைத் தொடங்க ஒரே துகள் போதும் என்பதும் உறுதியானது.

இதற்கு மாற்றாக, சிறு குழிகள் நிறைந்த தட்டில் நீர்த்த மாதிரிகளை இட்டு, எந்த நீர்ப்பில் பாதிக் குழிகள் தொற்றுகின்றன என்று கணக்கிடும் ஐம்பது விழுக்காட்டு முறை உண்டு. அதற்கான எளிய கணக்கை ரீடும் மியூன்ச்சும் 1938இல் அளித்தனர். எதைத் தேர்வது என்றால், உங்கள் வைரஸ் தெளிவான வட்டங்களை உண்டாக்குமானால் வட்ட முறையையே நான் பரிந்துரைப்பேன்: அது துல்லியமானது, ஒரு வட்டத்தைத் தனியே எடுத்து அதிலிருந்து ஒரே மரபுடைய வைரஸை வளர்க்கலாம், வட்டத்தின் அளவும் வடிவமுமே திரிபுகளைக் காட்டிக்கொடுக்கும். உயிரணுவைச் சிதைத்தாலும் வட்டம் உண்டாக்காத வைரஸ்களுக்கும், ஒரே வேளையில் பல மாதிரிகளைப் பார்க்க வேண்டிய நிலைக்கும் குழி முறை ஏற்றது. இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்கலாகாது. கோட்பாட்டளவில் குழி முறையின் ஓர் அலகு ஏறத்தாழ 0.7 வட்டத்துக்குச் சமம், நடைமுறையில் அந்த உறவும் வழுவும்.

உயிரணுவில் வளர்க்கும் எந்த முறையிலும் விடையைத் தீர்மானிப்பதில் உயிரணுவுக்கும் பாதிப் பங்குண்டு. 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய வீரோ உயிரணுக்கள், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்க இயலாதவை என்பதால் பல வைரஸ்களுக்கு எளிதில் இடங்கொடுக்கின்றன. கோவிட் வைரஸுக்குத் துணைபுரியும் ஒரு மனிதப் புரதத்தை அவற்றில் கூடுதலாகப் புகுத்தியபோது, சாதாரண வீரோவில் வளராத மாதிரிகளும் வளர்ந்தன. ஆகவே 'வளரவில்லை' என்பது 'தொற்றாது' என்பதற்குச் சான்றாகாது. மறுபுறம் இதே பண்பைத் திறம்படப் பயன்படுத்தவும் முடியும்: கழிவுநீரில் போலியோவைத் தேடும் ஆய்வகங்கள், போலியோ பற்றும் மனித ஏற்பியைத் தாங்கிய எல்20பி என்னும் எலி உயிரணுக்களைப் பயன்படுத்துவதால், அதே நீரில் மலிந்திருக்கும் பிற குடல் வைரஸ்கள் பெரும்பாலும் தாமாகவே ஒதுங்கிவிடுகின்றன. மும்பையில் 2001இல் தொடங்கிய கழிவுநீர்க் கண்காணிப்பு இந்த வகையைச் சேர்ந்தது.

நோரோவைரஸ் இந்த வழியின் எல்லையைக் காட்டுகிறது. 1972இல் மின்னணு நுண்ணோக்கியில் காணப்பட்ட அந்த வைரஸை எந்த உயிரணுவிலும் முறையாக வளர்க்க முடியாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2016இல்தான் ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸின் குழு, மனிதக் குடலின் தண்டு உயிரணுக்களிலிருந்து வளர்த்த சிறு குடல் திசுக்களில் அதைப் பெருகச் செய்தது. சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. இம்முறை இன்னும் செலவு மிக்கது, அன்றாடச் சோதனைக்கு ஏற்றதன்று. நோரோவைரஸில் கிருமிநாசினியைச் சோதிப்போர் பலர் இன்றளவும் எலி நோரோவைரஸ் போன்ற பதிலிகளை நாடுகிறார்கள். அந்த முடிவுகளைப் பதிலியின் முடிவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

பாக்டீரியாவுக்கு வழி எளிது போலத் தோன்றும். அகார் தட்டில் பரப்பி, மறுநாள் தோன்றும் காலனிகளை, அதாவது கிருமித் திட்டுகளை, எண்ணினால் முடிந்தது. ராபர்ட் கோக்கின் காலத்திலிருந்து நடந்துவரும் வேலைதான். ஆனால் 1982இல் ரீட்டா கோல்வெலின் குழு, குளிர்ந்த, சத்துக் குறைந்த நீரில் காலராக் கிருமி தட்டில் வளராத ஒரு நிலைக்குச் சென்றும் உயிரோடிருப்பதைக் காட்டியது. பின்னாளில் அத்தகைய கிருமிகளைத் தன்னார்வலர்கள் உட்கொண்டபோது, குடலில் அவை மீண்டும் வளரும் நிலைக்குத் திரும்பின. நீரை ஆராய்பவருக்கு இது முக்கியமானது, ஏனெனில் தட்டு காட்டும் எண் குறைந்தபட்ச எண் மட்டுமே. சிதைந்த உறையுள்ள கிருமிகளின் டிஎன்ஏவை மட்டும் பிணைத்து, பிசிஆர் கண்ணிலிருந்து மறைக்கும் சாயங்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. வெப்பத்தாலோ குளோரினாலோ உறை கிழிந்த கிருமிகளுக்கு அவை பொருந்தும். உறையைத் தொடாமல் கொல்லும் முறைகளுக்குப் பொருந்தா.

தட்டில் ஒருபோதும் வளராத தொழுநோய்க் கிருமிக்கு விலங்கைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1960இல் செப்பர்ட் அதை எலியின் பாதத்தில் பெருக்கிக் காட்டினார். இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும் கிருமி என்பதால், ஒரு சோதனைக்கு அரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இனி மில்வாக்கிக்குப் பிந்திய கதைக்கு வருகிறேன், ஏனெனில் முறைத் தேர்வு நேரடியாக ஒரு கொள்கை முடிவைப் புரட்டிப்போட்ட இடம் அது. அன்று ஊசிஸ்ட்டுகளைச் சோதிக்க இரண்டு மலிவான வழிகள் இருந்தன. ஒன்று, உயிரற்றவற்றின் உறைக்குள் மட்டும் புகும் சாயம். மற்றொன்று, உடல் வெப்பத்தில் பித்த உப்புகள் போன்ற தூண்டல்களைக் கொடுத்து, ஒட்டுண்ணி உறையைப் பிளந்து வெளியே வருகிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. புற ஊதா ஒளி பட்ட ஊசிஸ்ட்டுகள் சாயத்தை ஏற்கவில்லை, உறையைப் பிளந்துகொண்டு வெளியேயும் வந்தன. எனவே ஒளி பயனற்றது என்ற முடிவு இயல்பாகவே தோன்றியது. ஆனால் புற ஊதா ஒளி உறையைத் தாக்குவதில்லை. அது டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள காரங்களைப் பிணைத்து, பெருக்கத்தைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி உயிரோடிருக்கும், அசையும், வெளியே வரும், குடலணுவுக்குள்கூட நுழையலாம். இனம் பெருக்க மட்டும் இயலாது. பிறந்து சில நாட்களே ஆன எலிக்குஞ்சுகளுக்கு அதே ஊசிஸ்ட்டுகளைப் புகட்டி, சில நாட்கள் கழித்துக் குடலை ஆராய்ந்தபோதுதான் தொற்று ஏற்படவில்லை என்பது வெளிப்பட்டது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் வெளியிட்ட விதிகளில், கிரிப்டோஸ்போரிடியத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சும்படி செய்யச் சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் புற ஊதா ஒளி போதும் என்று குறிக்கப்பட்டது. அதே விதிகளில் வைரஸ்களைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க 186 மில்லிஜூல் கேட்கப்படுவது முதலில் வியப்பளிக்கும். அந்த எண் அடினோவைரஸை வைத்து வந்தது. இரட்டை இழை டிஎன்ஏ கொண்ட அந்த வைரஸ், தான் புகுந்த உயிரணுவின் பழுதுநீக்கும் நொதிகளைக் கொண்டே தன் காயத்தை ஆற்றிக்கொள்கிறது. வைரஸின் தொற்றுத்திறன் வைரஸுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எலிக்குஞ்சு முறையும் குறையற்றதன்று. மனிதர்களிடையே மிகுதியாகப் பரவும் கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் இயல்பான எலிகளைத் தொற்றுவதில்லை; ஒரு நீர் மாதிரியில் கிடைக்கும் நான்கைந்து ஊசிஸ்ட்டுகளைச் சோதிக்கவும் எலி உதவாது. எச்சிடி-8 என்னும் மனிதக் குடற்புற்று உயிரணுக்களில் ஊசிஸ்ட்டுகளை இட்டு, தொற்றிய இடங்களை ஒளிரும் எதிர்ப்பொருளால் எண்ணும் முறை எலிச் சோதனையோடு நன்கு ஒத்துப்போவதால், இன்று முதலில் அதையே நாடலாம் என்பது என் கருத்து. விலங்குகளின் உயிரும் மிச்சம், காத்திருப்பும் குறைவு.

மனிதருக்கு எத்தனை கிருமி போதும் என்ற கேள்விக்கு மேற்சொன்ன எதுவும் விடை தராது. தன்னார்வலர்களுக்கு அளவறிந்து கிருமியைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வே தரும். 1995இல் வெளியான ஆய்வில் 29 நலமான தன்னார்வலர்களுக்குக் கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொடுத்தபோது, பாதிப் பேரைத் தொற்ற 132 ஊசிஸ்ட்டுகள் போதும் என்று கணிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே இனத்தின் மூன்று வெவ்வேறு கிளைகளை, அதாவது உள்வகைகளை, சோதித்ததில் அந்த எண் ஒன்றுக்கு 9, ஒன்றுக்கு 87, இன்னொன்றுக்கு 1,042 என்று வந்தது. ஒரே இனம், நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு.

டைஃபாய்டு ஆய்வுகள் இன்னும் கற்பிப்பவை. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஹார்னிக்கும் துணைவரும் நடத்தி 1970இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் கிருமிகளை உட்கொண்ட எவருக்கும் நோய் வரவில்லை. ஒரு இலட்சம் கொடுத்தபோது கால் பங்கினருக்குச் சற்று மேலும், ஒரு கோடி கொடுத்தபோது பாதிப் பேருக்கும் வந்தது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு வெளியிட்ட ஆய்விலோ, மேரிலாந்தில் கொடுத்த அதே குவெய்ல்ஸ் என்னும் கிளையின் ஆயிரம் கிருமிகளே பாதிக்கு மேற்பட்டோரைத் தாக்கின. இடையில் கிருமி மாறவில்லை. முன்னவர்கள் அதைப் பாலில் கலந்தார்கள், பின்னவர்கள் வயிற்று அமிலத்தை அடக்கும் சோடியம் பைகார்பனேட்டோடு கொடுத்தார்கள். நோய் என்று எதைக் கொள்வது என்ற வரையறையும் வேறு. ஆகவே 'தொற்றும் அளவு' என்ற எண்ணை மேற்கோள் காட்டும் எவரும், எதில் கலந்து, யாருக்கு, எதை நோய் என்று கொண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தகைய ஆய்வைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அறத்தின் வாயிலைக் கடக்க வேண்டும். மேரிலாந்தின் தன்னார்வலர்கள் சிறைக்கைதிகள். இன்று அந்த ஏற்பாட்டை எந்த அறக்குழுவும் எளிதில் ஏற்காது. உறுதியான மருந்துள்ள நோய்களுக்கே இவ்வழி என்பது பொதுவான நெறி. கோவிட் ஆய்வு அதன் விளிம்பில் நின்றது. 2021இல் பிரிட்டனில் 36 இளம் வயதினரின் மூக்கில் வைரஸ் இடப்பட்டு, கணக்கில் கொள்ளப்பட்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. கொடுத்த அளவு, முன்பு சொன்ன ஐம்பது விழுக்காட்டு முறையின் பத்து அலகுகள். மனித ஆய்வின் அளவுகோலே உயிரணுத் தட்டிலிருந்துதான் வந்தது. முடிவுகளும் இளமையும் நலமும் உடையோருக்கு உரியவை. முதியவர்களைப் பற்றி அவற்றிலிருந்து துணிந்து பேச முடியாது.

ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுதலை அறிய ஆய்வகத்தை விட்டு வெளியே வர வேண்டும். 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் மருத்துவமனையொன்றில் ரைலியும் துணைவரும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிகள் இருந்த அறைக்கு அனுப்பி, காற்று மட்டுமே நோயைக் கடத்தப் போதும் என்றும், மருந்து எடுக்கும் நோயாளிகள் மிகக் குறைவாகவே தொற்றுகிறார்கள் என்றும் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், விலங்கு ஏதுமின்றி இதே கேள்வியை வீடுகளில் எழுப்பியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைக் காசநோய்க்கான தனி மருத்துவமனையான சானடோரியத்திலும் மறு சாராரை நெரிசலும் வறுமையும் மிக்க வீடுகளிலும் வைத்து மருத்துவம் செய்தபோது, வீட்டில் தங்கியோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றுவது பெரும்பாலும் மருத்துவம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பதே விளக்கம். எத்தனை கிருமி காற்றில் இருந்தது என்று சென்னை ஆய்வால் சொல்ல முடியாது; கினிப் பன்றியால் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்பதை, அது சொன்னது. பிரிப்பதா வேண்டாமா என்பதே கேள்வியானால், ஆயிரம் தட்டுகளைவிட இத்தகைய ஓர் ஆய்வே மேல். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் குடும்பங்களைப் பின்தொடரும் ஆள்பலமும் பொறுமையும் வேண்டும்.

ஆகவே என் தேர்வுகள் இவ்வாறு அமையும். நோய் பரவுகிறதா என்று ஊரளவில் கண்காணிப்பதற்குப் பிசிஆர் போதும். அங்கே செத்த கிருமியும் செய்திதான். கிருமிநாசினியையோ சுத்திகரிப்பையோ மதிப்பிடுவதற்கு மட்டும் பிசிஆரையும் உயிர்ச் சாயத்தையும் தனித்து நம்பலாகாது. கொல்லும் முறை கிருமியின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்று முதலில் கேட்டு, பெருக்கத்தையே அளக்கும் உயிரணு முறையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். தனிமைக் காலத்தை முடிவு செய்ய, சில நோயாளிகளிடம் பிசிஆரையும் வளர்ப்பையும் இணையாகச் செய்து, இரண்டுக்கும் உள்ள உறவை நிறுவிக்கொண்டு, பின்னர் மலிவானதைப் பயன்படுத்தலாம். உயிருள்ள கோவிட் அல்லது காசநோய்க் கிருமியை வளர்க்க மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் தேவைப்படுவதால், அந்த வசதி இல்லாத இடங்களுக்கு இதுவே நடைமுறைக்கு உகந்தது. விலங்குகளையும் மனிதர்களையும் வேறு எதுவும் விடை தராத கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

இந்தத் தேர்வை மாதிரி எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது பலர் தவறவிடும் செய்தி. மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுத்த குச்சியை வைரஸைச் செயலிழக்கச் செய்யும் கரைசலில் மூழ்கடித்தால், அது பிசிஆருக்கு மட்டுமே உதவும். வளர்ப்புக்கு வேண்டுமானால் வைரஸைக் கெடாமல் கொண்டுசெல்லும் கரைசலான கடத்து ஊடகத்தில் இட்டு, நான்கு டிகிரிக் குளிரில் விரைந்து அனுப்பவும், தாமதமானால் மைனஸ் எழுபதில் உறையவைக்கவும் வேண்டும். ஊசிஸ்ட்டுகளோ இதற்கு நேர்மாறு: உறைநிலை அவற்றைக் கொன்றுவிடும், குளிர்பெட்டியில் உறையாமல் வைத்தால் மாதக்கணக்கில் தொற்றும் நிலையிலேயே இருக்கும். எந்த முறை என்று உறுதியாகாத நிலையில், கையில் வந்த மாதிரியை முதல் நாளே இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியை மரபுப்பொருளுக்கும் மறு பகுதியை உயிருக்கும் என்று வைத்துக்கொள்வதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு குப்பியும் ஒரு சீட்டும்தான்.